தோசைக்கல்லில் மணல்

அக்கா, அந்தப் பை மேல காலை வெச்சராதீங்க. உள்ள பூராவும் கத்தி.

அய்யோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. வெங்காயத்துக்குத் தாள் அறுக்கற கத்தி. சந்தைக்குக் கொண்டு போறேன். துணி சுத்தித்தான் வெச்சிருக்கேன், இருந்தாலும் இந்த பஸ்சு குலுக்கற குலுக்குல எது எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும்னு சொல்ல முடியாது பாருங்க. புள்ள மடியில தூங்குது, அதான் குனிஞ்சு நகத்த முடியல. மகிழினின்னு பேரு. எந்திரிச்சான்னா இந்த பஸ்சையே வித்துட்டு வந்துருவா.

அந்தச் சன்னலோரம் துண்டு போட்டது நாந்தானுங்க. ஆளு வருது. மரமில்லு ஸ்டாப்புல ஏறுவா. கலாமணின்னு ஒருத்தி. கத்திப் பிடிக்குத் துண்டுக் கட்டை வாங்கறதுக்கு விடியறதுக்கு முன்னாலயே போயிட்டா. சொந்தமான்னு கேக்கறீங்களா? சொந்தமில்ல. சிநேகிதின்னும் சொல்ல முடியாது. எதிரின்னு சொல்லலாம், ஆனா சந்தைக்குப் போற நேரத்துல எதுக்கு அந்தப் பேச்சு.

கொய்யாக்காய் திங்கறீங்களா? எங்கூட்டு மரத்துதுதான். சித்த இருங்க, அரிஞ்சு தர்றேன். இந்தக் குட்டிக் கத்தியா? இது விக்கறதில்லீங்க. ஒடஞ்ச கத்தி இது. அதான் கட்டையா இருக்குது. இல்லீங்க, இதை யாருக்கும் குடுக்கறதில்ல. பையில வேற நல்லதா நெறைய இருக்குது.

நீங்க எங்க, கல்யாண மண்டபத்துக்கா? சமையலுக்கா? காய் நறுக்கறதா! நெனச்சேன் பாருங்க. ஏறும்போதே உங்க ஆள்காட்டி விரலைப் பாத்தேன், அந்தக் காய்ப்பு வேற யாருக்கு வரும்? அப்படீன்னா உங்ககிட்ட கத்தியப் பத்திச் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரிதான். உங்களுக்கு நல்ல கைராசியா இருக்குமாட்ட இருக்குது. இன்னிக்கு எங்களுக்கு மொதச் சந்தைங்க. இன்னும் போணி ஆவல. கலாமணி வந்தப்பறந்தான் போணின்னு பேச்சு. அவதான் சொன்னா, நானும் சரின்னேன். ஆனா நீங்க சும்மா பாக்கறதுல ஒண்ணும் தப்பில்லையே? பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல கொய்யாக்காயத் தின்னுங்க. உப்பு மொளகாப்பொடி வெச்சிருக்கேன்.

எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாதுங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். கதையைக் கேட்டுட்டு நீங்களா ஒண்ணு நெனச்சுக்கக் கூடாது.

எங்கூர்ல தை மாசம் வந்தா சின்ன வெங்காயம் பறிப்பு. பறிச்சதைத் தோட்டத்துல வேப்பமரத்தடியில கொட்டிருவாங்க. பொம்பளைங்க நாங்க வட்டமா உக்காந்து தாளை அறுத்து அறுத்துக் கூடையில போடணும். அந்த வட்டத்துல மரத்துக்கு ஒட்டுனாப்புல, நல்ல நெழலு இருக்கற எடம் என்னோட எடம். யாரும் எழுதி வெக்கல, ஆனா அது என்னுது. ஏன்னா பேச்சும் நாந்தான், கையும் நாந்தான். பேசிக்கிட்டே அறுப்பேன், அறுத்துக்கிட்டே பேசுவேன், எல்லாருக்கும் முன்னால என் கூடை ரொம்பும். "தவமணி கைக்கு ஈடில்லை"ன்னு தோட்டத்துக்காரரே சொல்லுவாரு. நான் சொல்லிக்கல, அவரு சொல்லுவாரு.

கலாமணி அந்த வட்டத்துல கடைசி ஆளு. பேச்சே கெடையாது. அவ ஊட்டுக்காரரு போரு போடற ரிக்கு வண்டில வடக்க போயிட்டாரு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. வீட்டுல பேச ஆளில்லாம பழகிப் போச்சு போல. நம்ம பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை சொல்லுவா. அந்த ஒரு வார்த்தையும் "ம்".

இந்த வருசம் பறிப்பு தொடங்குன அன்னிக்கு அவ ஒரு கத்தியோட வந்தா. கன்னங்கரேல்னு, குட்டியா, பிடிக்கு சைக்கிள் டியூப்பைச் சுத்தி வெச்சு. பாக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஆனா தாள்ல வெச்சா சத்தமே இல்ல. நாங்க கடையில வாங்குன கத்தியெல்லாம் மத்தியானத்துக்கு முன்னால மழுங்கிப் போயி கரக் கரக்குன்னு கத்துது. அவளுது பேசாம போயிட்டே இருக்குது. அவளை மாதிரியே.

கூட அறுக்கற பங்கஜக்கா கேட்டாங்க, "எங்க புள்ள வாங்குன?"

"வாங்கலீங்க்கா. செஞ்சேன்."

"செஞ்சியா? எதுல?"

"பழைய அரத்துல."

"எப்படி?"

"அடுப்புல வெச்சு."

அவ்வளவுதான் பேச்சு. போன்ல ஏதோ பாத்துப் பாத்துச் செஞ்சாளாம். அது அப்பறம் தெரிஞ்சுது. அன்னிக்குப் பூராவும் "கலா, சித்த குடு பாக்கலாம்", "கலா, எனக்கொண்ணு செஞ்சு குடு"ன்னு ஒரே கலா, கலா. அவ கத்தியச் சாக்கு மேல வெப்பா, கேட்டவங்க எடுத்துக்குவாங்க. கத்தியக் கையோட கை மாத்துனா ரெண்டு பேருக்கும் சண்டை வரும்னு எங்க பக்கம் கீழ வெச்சுத்தான் குடுப்போம். உங்க பக்கமும் அப்படித்தானே? அதே மாதிரி எனக்கு முன்னாலயும் வெச்சா. நான் எடுக்கல. எனக்கு வேலை இருந்துச்சு.

சாயங்காலம் தோட்டத்துக்காரரு வந்து கூடையெல்லாம் பாத்தாரு. "என்ன தவமணி, இன்னிக்கு கலாமணி உன்னத் தாண்டிட்டாளாட்ட இருக்குது"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி.

அவ நல்லா இருக்கட்டுங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அவ செய்யறதை நான் செய்ய முடியாதா?

எங்கூட்டுக்காரரு தாராபுரத்துல லேத்து பட்டறையில வேலை. "மாமா, ஒரு பழைய அரம் கொண்டு வாங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"கத்தி செய்யறதுக்கு."

"கலாமணிகிட்டயே..."

"அரம் கொண்டு வாங்கன்னா அரம் கொண்டு வாங்க."

கொண்டு வந்தாரு. பல்லு தேஞ்சு போனதுல கொஞ்சம் கத்திக்கு, பல்லு இருக்கறது ஒண்ணு ராவித் தேய்க்கறதுக்கு. அரத்தை அரத்தாலதானே ராவணும். துவைக்கற கல்லுல வெச்சு ராவுறேன், ராவுறேன், வழுக்கிட்டு வழுக்கிட்டுப் போகுது. ஒரு பொடி உதிரல. ரெண்டும் ஒரே கெட்டி, எது எதைத் தின்னும்? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், தண்ணி காயற அடுப்புல தூக்கிப் போட்டுட்டேன். போய்த் தொலைன்னு. காலைல சாம்பல் அள்ளும்போது கெடைக்குது. சரி, கடைசியா ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கலாம்னு இழுத்தா, மாவு மாதிரி உதிருது! நல்லாப் பழுத்து, சாம்பல்லயே கெடந்து மெல்ல ஆறுனா இரும்பு எளகிருமாம். இதை எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கலாமணியா? என் கோவம் சொல்லிக் குடுத்துச்சு.

அப்பறம் ராவுனேன் பாருங்க. உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. இந்தப் புள்ள பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துட்டு, "அம்மா, கலாம்மா கத்தி மாதிரியா செய்யற?"ங்குது. கலாம்மா! பெத்தவ நானுங்க. கடலைமுட்டாய் குடுத்தா யாரு வேணா அம்மாவாயிரலாம் போல. "கலாம்மா கத்தியவிட நல்ல கத்தி"ன்னேன். "அப்ப கலாம்மாவுக்குக் குடுப்பியா?"ன்னு கேக்குது. புள்ளைக்கு என்ன தெரியும்.

சாமானெல்லாம் என்னன்னு நெனைக்கறீங்க? கொல்லன் ஒலைன்னு சொன்னா ஒலையா அது? ஒடஞ்ச செடித்தொட்டி. அடியில ஓட்டை ஏற்கெனவே இருக்குது, அதுல ஒரு குழாயைச் சொருவி, குழாய் முனையில சைக்கிள் பம்பு. கரிக்குக் கொட்டாங்குச்சி. நானே பம்படிச்சு, நானே புடிச்சு, கத்தி செக்கச்செவேல்னு ஆனதும் தண்ணி பக்கெட்டுல ஒரே முக்கு. 'டிக்'குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா முடியாட்டம் ஒரு கீறல். போச்சு. மறுபடியும் அரம், மறுபடியும் சாம்பல், மறுபடியும் கொப்புளம். அடுத்த தடவை நல்லெண்ணெயில முக்குனேன். சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க வெச்ச எண்ணெய். குப்புன்னு எரிஞ்சு, வீடு பூராவும் எள்ளுருண்டை வாசம். ஆனா கத்தி கீறலில்லாம வந்துச்சு. அரத்தை வெச்சா அரம் வழுக்குது, அவ்வளவு கெட்டி. நான் வாசல்ல நின்னு ஆடிட்டேன். வேப்பங்கட்டையில பிடி போட்டு, எரிஞ்சு போன மோட்டார்ல இருந்து உருவுன செம்புக் கம்பியப் பிடிக்குச் சுத்துனேன். பளபளன்னு. கலாமணிது வெறும் டியூப்புதானே.

அடுத்த நாளு தோட்டத்துல என் கத்தி போனதைப் பாத்திருக்கணும் நீங்க. சத்தமில்ல. என் கத்தியும் பேசல, நானும் அன்னிக்குப் பேசல. "என்ன தவமணி, வாயில என்ன அடைச்சிருக்குது?"ன்னு பங்கஜக்கா கேட்டாங்க. நான் கலாமணி கூடையப் பாக்காத மாதிரியே பாத்துக்கிட்டு, அறுத்துக்கிட்டே இருந்தேன். என் கூடைதான் முன்னால. தோட்டத்துக்காரரு வர்ற மாதிரி தெரிஞ்சுது. நல்லா நிமிந்து உக்காரலாம்னு கத்தியக் கீழ போட்டேன். கூடைக்கு முட்டுக் குடுத்த கல்லு மேல உழுந்துச்சு.

அப்பளம் ஒடையற சத்தம் தெரியுமில்ல? அதே சத்தம். ரெண்டு துண்டு.

பங்கஜக்கா எட்டிப் பாத்துட்டு, "ஏன் தவமணி, உன் கத்திக்கும் உன்ன மாதிரியே சுருக்குன்னு கோவம் வந்திருச்சா?"ன்னாங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. தோட்டத்துக்காரரும் சிரிச்சாரு. கலாமணி மட்டும் சிரிக்கல. சிரிச்சவங்களையெல்லாம் அன்னிக்கே மன்னிச்சுட்டேனுங்க. சிரிக்காதவளைத்தான் மன்னிக்க முடியல. என்ன பெரிய மனுசித்தனம்?

பிடியோட இருந்த பாதியத் தூக்கி வேலிப் பக்கம் வீசிட்டேன். வேலை முடிஞ்சு எல்லாரும் கெளம்பும்போது கடைக்கண்ணுல பாக்கறேன், கலாமணி வேலிக்குள்ள கையை விட்டு எடுக்கறா. மண்ணைத் தொடைச்சா. முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

என் கை வேர்வை பட்ட பொருளு. அது எதுக்கு அவளுக்கு?

அடுத்த நாளு அவ வேலைக்கு வரல. நான் மத்தியானம் சோத்துக்கு வரும்போது அவ வீட்டு வழியா வந்தேன். எங்கூட்டுக்கு அது வழியில்லதான். அன்னிக்கு அந்த வழியா வந்தேன். சமையக்கட்டு சன்னலு தெறந்திருந்துச்சு. அக்கா, நான் பாத்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க. அடுப்புல தோசைக்கல்லு. தோசைக்கல்லுல மண்ணு. அவ மண்ணை வறுக்கறா! மண்ணு மேல என்னோட கத்தி, பிடியக் கழட்டிட்டு வெறும் இரும்பா. பக்கத்துல அறுத்த எலுமிச்சம்பழம். அவ கண்ணைக் கொட்டாம அந்தக் கத்தியவே பாத்துக்கிட்டு நிக்கறா. ஒதடு வேற அசையுது.

யாருக்குத்தான் பதறாது? ஒருத்தரு குடி கெட்டுப் போகணும்னா மண்ணை வாரித் தூத்துவாங்க. வெறும் மண்ணைத் தூத்துனாலே குடி கெடும்னா, வறுத்துத் தூத்துனா என்ன ஆகும்?

ஓடி வந்தேன். மொளகா, உப்பு எடுத்துப் புள்ளைக்குச் சுத்திப் போட்டேன். எனக்கும் சுத்திப் போட்டுக்கிட்டேன். வாசல்ல எலுமிச்சம்பழமும் பச்சை மொளகாயும் கட்டுனேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலீங்க. பங்கஜக்காகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அப்பறம் தண்ணிக் கொழாயில ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுங்களா? மரியாதை இல்லையே.

அடுத்த நாளு கலாமணி தோட்டத்துக்கு வந்தா. அவ சாக்கை விரிச்ச எடத்துல இருந்து எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா நகந்துட்டாங்க. "கலா, கத்தி குடு"ன்னு கேக்க ஆளில்ல. டீ வந்தப்ப அவ தொட்ட தூக்குப்போசியிலிருந்து யாரும் ஊத்திக்கல. அவ சுத்திலும் ஒருக்கா பாத்தா. என்னையும் பாத்தா. அப்பறம் சாக்கைச் சுருட்டிக்கிட்டு, நெழலை விட்டு வெயில்ல போயி உக்காந்தா. அவளாத்தான் போனா. போன்னு யாரும் சொல்லல.

அன்னிக்கு என் கூடைதான் மொதல்ல ரொம்புச்சு. கடையில வாங்குன மொக்கைக் கத்தியிலயே. தோட்டத்துக்காரரு ஒண்ணும் சொல்லல. அவரு கவனிக்கல போல.

வீட்டுக்கு வந்தா, எங்கூட்டுத் துவைக்கற கல்லு மேல கத்தி இருக்குது. என்னோட கத்தி. ஒடஞ்ச எடத்தை ராவிக் கூராக்கி, கட்டையா, அழகா. எம் பிடி. என்னோட செம்புக் கம்பி. ஆனா நான் சுத்துனதைவிட நெருக்கமா சுத்தியிருந்துச்சு. அதுதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு.

தொடுவேனா? தொடப்பக்கட்டையில தள்ளலாமான்னு பாத்தேன். தள்ளுனா எந்தத் திசையில தள்ளறது? பக்கெட்டை எடுத்து அது மேல கவுத்தி மூடிட்டேன். புள்ளைய உள்ள வெச்சுத் தாப்பாப் போட்டுட்டேன். எங்கூட்டுக்காரரு வேலை முடிஞ்சு குளிக்க வந்தவரு, பக்கெட்டைத் தூக்கிட்டாரு.

"அட, யாரு வாட்டுனது இதை?"ன்னாரு.

"தொடாதீங்க மாமா! வாட்டுனதில்ல, சூனியம் வெச்சது. மண்ணை வறுத்து வெச்சிருக்கறா. எங்கண்ணால பாத்தேன்."

அவரு கத்தியத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. வாய்க்காங்கரை முருங்கையில ஒரு காயைப் புடுங்கி, சும்மா வெச்சாரு. வெச்சதுதான் தெரியும், காயி ரெண்டாயிருச்சு. அப்பறம் சிரிக்கறாரு பாருங்க, உக்காந்து சிரிக்கறாரு. "அடி அம்மிணி, எண்ணெயில முக்குன இரும்பு வெறைச்சுக்கும். வெறைச்சது கண்ணாடியாட்ட ஒடையும். அதை மணல்ல வெச்சு மெல்லச் சூடு காட்டுனா வெறைப்பு கொஞ்சம் எறங்கும். வைக்கோல் நெறம் வந்ததும் எறக்கிரணும். அதுதான் வாட்டறது. எலுமிச்சம்பழம் கறுப்புப் போகத் தேய்க்கறதுக்கு. இல்லீன்னா நெறம் தெரியாதே. லேத்துல உளி கிளி எல்லாம் நாங்க அப்படித்தான் வாட்டறோம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அரம் கொண்டு வாங்கன்ன. கொண்டு வந்தேன்."

அப்பறம் பிடியத் தடவிப் பாத்துட்டு, "கலாமணிக்குச் சுத்தமான கை"ன்னாரு. அன்னிக்கு ரசத்துல உப்புப் போடல நான். மறந்துட்டேன்.

அடுத்த நாளு அந்தக் கத்தியத்தான் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன். வேற கத்தி மொக்கையாப் போச்சு, என்ன பண்றது. போயி, வெயில்ல கலாமணிக்குப் பக்கத்துல சாக்கை விரிச்சேன். அந்தப் பக்கம் வெங்காயம் நெறைய குமிஞ்சு கெடந்துச்சு, அதனாலதான். பங்கஜக்கா மரத்தடியில இருந்து, "ஏ தவமணி, அங்க எதுக்குப் போற? கண்ணு அவிஞ்சு போகும்"ன்னு கத்தறாங்க. "இங்கதான் காத்து வருது"ன்னேன். என் தூக்குப்போசியில தண்ணி தீந்துருச்சு, அவளுதுல இருந்து ஊத்திக் குடிச்சேன். தாகமா இருந்துச்சு. நான் இருக்கற எடத்துலதானே பேச்சு இருக்கும்? பேச்சில்லாம மரத்தடியில எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க? ஒவ்வொருத்தியா சாக்கைத் தூக்கிட்டு வெயிலுக்கு வந்துட்டாங்க. நெழலை விட்டுட்டு உச்சி வெயில்ல வட்டம் கட்டி உக்காந்திருக்கறோம். பைத்தியக்காரப் பொம்பளைங்கன்னு தோட்டத்துக்காரரு நெனச்சிருப்பாரு.

கலாமணி என்ன சொன்னாங்கறீங்க? ரொம்ப நேரங்கழிச்சு, குனிஞ்ச தலை நிமிராம, "ஆத்து மணலா இருக்கோணும் புள்ள. எம்-சேண்டு ஆவாது. தூசி ஒட்டிக்கும்"ன்னா.

அவ்வளவுதான். 'ஏன் அப்படிச் சொன்ன'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சண்டையாவது போட்டிருக்கலாம். கேக்கவே இல்லீங்க, இன்னி வரைக்கும். அதுலயும் அவதான் முந்திக்கிட்டா.

அமராவதியில இருந்து மணல் அள்ளிட்டு வந்து எங்கூட்டுத் தோசைக்கல்லுல போட்டேன். மொத தடவை, அடுப்புல பாலு பொங்குதேன்னு இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள வைக்கோல் நெறம் தாண்டி, செவந்து, மயில் கழுத்து நெறத்துக்குப் போயிருச்சு. அழகா இருக்கும், ஆனா தாளை அறுக்காது, வளையும். கண்ணைக் கொட்டாம பாக்கணும். ஒதடு அசையாம இருக்காது. என்ன சொல்லுவோம்னு நெனைக்கறீங்க? 'இரு, இரு, இன்னும் கொஞ்சம், இரு'ன்னுதான். கத்தி முதுகுல மெல்ல அந்த மஞ்ச நெறம் ஊந்து வருது பாருங்க, இந்தப் புள்ள மொத மொதல்ல தவழ்ந்து வந்தப்ப எப்படி மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாத்தேனோ அப்படிப் பாத்தேன். அதுக்கப்பறம் ஒரு வாரத்துக்குத் தோசையெல்லாம் நறநறன்னுச்சு. "அம்மா, கலாம்மா வீட்டுத் தோசையில மண்ணே இல்ல"ங்குது இவ. கலாமணி மணலுக்குன்னு தனிக் கல்லு வெச்சிருக்கறாளாம். இதையாவது வாயைத் தெறந்து சொல்லியிருக்கலாமில்ல?

நல்லா வந்த மொதக் கத்தியக் கொண்டு போயி அவ வீட்டுத் துவைக்கற கல்லு மேல வெச்சுட்டு வந்துட்டேன். ஒருத்தரு குடுத்ததை வாங்கி வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கற பழக்கம் எனக்கில்லீங்க. அடுத்த நாளு பாத்தா, அவ தோட்டத்துல என் கத்தியில அறுத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. எல்லாரும் பாக்கணும்னு வேணும்னே! நல்லவன்னு பேரெடுக்கறதுக்கு! நான் விடுவேனா? நான் இந்தக் கட்டைக் கத்தியிலயே அறுத்தேன். இப்ப யாரு முந்தறாங்கன்னு கணக்கே கொழம்பிப் போச்சு. அவ முந்துனா என் கத்தியில முந்தறா. நான் முந்துனா அவ வாட்டுன கத்தியில முந்தறேன். நிம்மதியா ஒரு பொறாமைகூடப் பட முடியாது. படறவளுக்குச் சொல்றேன். எனக்குத்தான் அது கெடையாதே.

அப்பறம் ஊருல ஆளாளுக்குக் கேக்க ஆரம்பிச்சு, சாணைக்கல்லு ஒண்ணு வாங்கித்தான் ஆகணும்னு ஆச்சு. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்குனோம். கூட்டு வியாபாரமெல்லாம் இல்லீங்க, கல்லுதான் கூட்டு. பையும் ஒண்ணுதான். செம்புக் கம்பி சுத்துனதெல்லாம் என்னுது, டியூப்பு சுத்துனது அவளுது.

அக்கா, இந்தப் பாலம் தாண்டுனா மரமில்லு. பாக்கறதுன்னா இப்பப் பாத்துருங்க. இந்தாங்க, பையைத் தெறந்து வெக்கறேன். என்னுது எல்லாம் மேல இருக்குதா? காலைல அவசரத்துல அடுக்குனது, எப்படியோ அப்படி அமைஞ்சு போச்சு. இதைப் பாருங்க. வாட்டம் எப்படி? நகத்துல வெச்சுப் பாருங்க. வழுக்காம நிக்குதில்ல? ம். அடுத்ததா? பாருங்க. அதுவும் என்னுதுதான். ம்.

அடியில எதுக்குங்க கையை விடறீங்க, அறுத்துரும். அடியில சும்மா...

அது டியூப்பு சுத்துனதுங்க.

இல்லல்ல, பாருங்க, பாருங்க. பாக்கறதுக்குத்தானே. ரெண்டு தடவை நகத்துல வெக்கறீங்க. என்னுதை ஒரு தடவைதான் வெச்சுப் பாத்தீங்க. அந்த டியூப்பு வெயிலுக்குப் பிசுபிசுன்னு ஒட்டுங்க. செம்புக் கம்பின்னா கைக்கு நல்ல குளிர்ச்சி. அதுக்குச் சொன்னேன்.

இதுவேதானா? நல்லா யோசிச்சுட்டீங்களா?

சரிங்க. நறுக்கறவங்க கைக்குத் தெரியாததா. நல்ல கத்திதான். வெலையெல்லாம் அவ வந்து சொல்லட்டும். ஆனா அக்கா, ஒரே ஒரு ஒதவி. அவ கேட்டா, கைக்குச் சிக்குனதை எடுத்தேன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் பாத்துட்டு இதை எடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கண்டக்டரண்ணா! மரமில்லு! ஆளு நிக்குது, நிறுத்துங்க! அதோ பாருங்க, தலையில சாக்கு நெறையக் கட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கறா. முன்னாலேயே சொன்னேன், பாதி மூட்டை போதும்னு, கேட்டாளா? ஏ கலா! பின்னால, பின்னால ஏறு! சன்னலோரம் எடம் போட்டு வெச்சிருக்கேன், வாந்தி வரும் உனக்கு, வா! புள்ள, போணி ஆயிருச்சு! ஆமா, இப்பத்தான்! கல்யாணத்துக்குக் காய் நறுக்கற அக்கா, எல்லாத்தையும் நகத்துல வெச்சு வெச்சுப் பாத்துட்டு எடுத்தாங்க! உன்னுது! உன்னுதுதான்!

சித்த காலை மடக்கிக்கங்க அக்கா, அவ உள்ள போகட்டும். அய்யோ, இல்லீங்க, அதை அவ கையில குடுக்காதீங்க. அந்தத் துண்டு மேல வைங்க, அவ எடுத்துப் பாத்துக்குவா. கத்தியக் கை மாத்துனா சண்டை வந்துரும். எங்களுக்கு இருக்கற சண்டையே போதுங்க.